வட்டமும் சிலுவையும்

ஒருவர் கிறிஸ்தவராகவும் விக்காவைப் பின்பற்றுபவராகவும் ஒரே சமயத்தில் இருக்க முடியுமா என்ற கேள்வி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெகு காலமாகக் கேட்கப்பட்டு வருகிறது. தங்களைக் கிறிஸ்தவச் சூனியக்காரிகள் என்றே அழைத்துக்கொள்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஞாயிறு காலை மாதா கோயிலில் நற்கருணை. பௌர்ணமி இரவில் மெழுகுவர்த்திகளின் நடுவே வட்டம். பல கோயில்களுக்கும் போய்வந்து பழகிய நமக்கு இது ஒரு கேள்வியாகவே படாமல் போகலாம். அப்படிப் படாமல் போவதே நம்மைச் சற்று யோசிக்க வைக்க வேண்டும். இன்னொருவர் தொண்டையில் முள்ளாக நிற்பது நமக்குச் சுலபமாக இறங்கிவிடுகிறதென்றால் அதற்குக் காரணம் நம் மனசின் விசாலமா, அல்லது வெறும் அசிரத்தையா?

கேள்விக்கு இரண்டு பதில்கள் தயாராகக் கிடைக்கின்றன. வேதத்தில் தடை இருக்கிறது, ஆகவே முடியாது என்பது பாதிரியாருடைய பதில். எல்லா நதிகளும் ஒரே கடலுக்கு, ஆகவே தாராளமாக முடியும் என்பது பெருந்தன்மைக்காரருடைய பதில். கேட்டவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமலே சொல்லிவிடக்கூடியவை இரண்டும். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. இரு பக்கத்து நம்பிக்கைகளையும் பட்டியல் போட்டு ஒப்பிடுவது. ஒரு பக்கம் ஒரே கடவுள், மறுபக்கம் தேவனும் தேவியும். ஒரு பக்கம் உயிர்த்தெழுதல், மறுபக்கம் மறுபிறவி. ஒரு பக்கம் பாவமும் மீட்பும், மறுபக்கம் அவ்விரண்டும் தேவைப்படாத ஓர் உலகம். பொருந்துவதை வைத்துக்கொண்டு, பொருந்தாததை உருவகம் என்று சொல்லிவிட்டால் ஒரு மாதிரி இணைந்துவிடும். வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு இந்த உத்தி பரிச்சயமானது. நாள் முடிவில் பற்றும் வரவும் நேராகவில்லை என்றால் வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ்' கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். பேரேடு நேராகிவிடும். அந்தத் தொகை மட்டும் எங்கும் போய்விடாது; ஆடிட்டர் ஒரு நாள் வந்து கேட்பார். இரண்டு மதங்களைப் பட்டியல் மூலம் இணைப்பவர்களிடமும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அதில் எதைப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் நான் இங்கே பார்க்க விரும்புவது.

*

முதலில் சொல். உயிரோடு விடக்கூடாது என்று யாத்திராகமம் 22ஆம் அதிகாரம் விதிக்கும் பெண்ணைத் தமிழ் பைபிள் 'சூனியக்காரி' என்கிறது. ஒன்று சாமுவேல் 28இல் சவுல் ராஜா மாறுவேஷத்தில் இரவில் தேடிப் போகும் எந்தோர் ஊர்ப் பெண்ணோ 'அஞ்சனம் பார்க்கிற'வள். மத்தேயுவில் நட்சத்திரத்தைக் கண்டு குழந்தையைத் தொழ வருகிறவர்கள் 'சாஸ்திரிகள்'. அப்போஸ்தலருடைய நடபடிகள் 13இல் பவுலை எதிர்த்து நிற்பவன் 'மாயவித்தைக்காரன்'. இந்தக் கடைசி இரண்டு இடங்களிலும் கிரேக்க மூலத்தில் இருப்பது ஒரே சொல்: மாகோஸ். தொழுதால் சாஸ்திரி, எதிர்த்தால் மாயவித்தைக்காரன். இது தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் செய்த கோளாறல்ல. ஆங்கிலத்திலும் இப்படியேதான் பிரித்திருக்கிறார்கள். வித்தைக்குப் பெயர் வைப்பது அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான்.

எந்தோர்ப் பெண்ணின் கதையை வேதத் தடையைச் சொல்பவர்கள் முழுசாகப் படிப்பதில்லை. அஞ்சனம் பார்க்கிறவர்களைத் தேசத்தை விட்டுத் துரத்தியவன் சவுல். போருக்கு முந்தின இரவில், கடவுளிடமிருந்து பதில் ஏதும் வராத நிலையில், தான் துரத்தியவர்களில் ஒருத்தியிடமே போய் நிற்கிறான். அவள் எழுப்பிய சாமுவேல், நாளைக்கு நீ செத்துப்போவாய் என்று சொல்லிவிடுகிறான். பகலும் இரவும் சாப்பிடாத ராஜா தரையில் விழுந்து கிடக்கிறான். அவள்தான் வீட்டில் இருந்த கொழுத்த கன்றை அடித்து, மாவு பிசைந்து ரொட்டி சுட்டு, வற்புறுத்தி அவனைச் சாப்பிட வைக்கிறாள். அந்த இரவில் அவனுக்கு இரக்கம் காட்டியது சட்டப்படி சாக வேண்டிய ஒருத்தி. அந்த அதிகாரத்தில் அவளுக்கு எதிராக ஒரு வார்த்தைகூட இல்லை. வேதம் ஒரே குரலில் பேசும் புத்தகம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

*

விக்கா என்பது பழைய சூனியம் அல்ல. அது நம் தாத்தாக்கள் காலத்து மதம். அதை உலகுக்குச் சொன்ன ஜெரால்ட் கார்ட்னர் 1884இல் லிவர்பூலுக்கு அருகே பிறந்தவர், வாலிபத்தில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கற்றவர், பின்பு போர்னியோ, மலாயா, மலாயாவில் சுங்க இலாகா உத்தியோகம், 1936இல் ஓய்வு. இங்கிலாந்து திரும்பியபின், காட்டோரத்தில் பழைய மந்திரக்காரிகளின் குழு ஒன்று தன்னைச் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார். 1736இன் சூனியச் சட்டம் 1951இல் ரத்தானது. 1954இல் அவருடைய 'இன்றைய சூனியம்' வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதிய மார்கரெட் மர்ரே எகிப்திய ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். ஐரோப்பாவில் எரிக்கப்பட்டவர்கள், தூக்கிலிடப்பட்டவர்கள் எல்லோரும் கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஒரு மதத்தை ரகசியமாகக் காப்பாற்றி வந்தவர்கள் என்று 1921லேயே எழுதியவர்.

இந்தக் கருத்தைச் சரித்திரக்காரர்கள் இன்று ஏற்பதில்லை. ரொனால்ட் ஹட்டன் 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சி, விக்காவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டிவிட்டது: பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரொமாண்டிக் கவிகள், ஃப்ரேசர், ரகசியச் சபைகள், மந்திரச் சுவடிகள், டோரீன் வலியன்டே என்ற பெண் அழகாகத் திருத்தி எழுதிய சடங்கு உரைநடை. புதியது என்பதால் பொய் என்றாகிவிடாது. எல்லா மதமும் ஒரு நாள் புதியதாக இருந்ததுதான். ஆனால் ஆதியில் இரண்டும் ஒன்று, சபைதான் பிரித்தது என்று இணைப்பாளர்கள் சொல்லும் நியாயம் இதனால் அடிபட்டுப் போகிறது. இரண்டும் ஆதிகாலத்துப் பரம வைரிகள் என்ற எதிர் நியாயமும் கூடவே அடிபடுகிறது.

எப்படியென்றால், கொல்லப்பட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். தொண்ணூறு லட்சம் பேர் என்று இயக்கத்துப் பழைய நூல்கள் சொன்ன கணக்கு மிகை. இன்றைய ஆய்வாளர்கள் ஐரோப்பா முழுவதற்கும் சுமார் 40,000 முதல் 60,000 வரை என்கிறார்கள். அதுவே போதும். இவர்கள் ரகசியமாகத் தேவியைத் தொழுதவர்கள் அல்லர். ஞானஸ்நானம் பெற்றவர்கள், கோயிலுக்குப் போனவர்கள், ஜபம் தெரிந்தவர்கள். மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் 1692இல் தூக்கிலிடப்பட்ட பத்தொன்பது பேரில் ஜார்ஜ் பரோஸ் ஒருவர். அவர் ஒரு போதகர். சூனியக்காரர்களால் கர்த்தருடைய ஜபத்தைப் பிழையில்லாமல் சொல்ல முடியாது என்பது அன்றைய நம்பிக்கை. ஆகஸ்ட் 19ஆம் தேதி தூக்கு மேடையில் நின்று பரோஸ் அதை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். கூட்டம் கலங்கியது, சிலர் அழுதார்கள். குதிரை மேலிருந்த காட்டன் மேதர் என்ற இன்னொரு போதகர் கூட்டத்தைச் சமாதானம் செய்தார்; சாத்தானும் ஒளியின் தூதனாக வேஷம் போடுவான் என்பது அவர் வாதம். தண்டனைகள் தொடர்ந்தன.

கிறிஸ்தவனும் சூனியக்காரனும் ஒரே உடம்பில் இருக்க முடியுமா என்ற கேள்விக்கு அன்றைய நீதிமன்றம் இருக்க முடியும் என்றே பதில் சொன்னது, கயிற்றின் மூலமாக. பரோஸை விக்கா தன் தியாகி என்று எடுத்துக்கொள்ள முடியாது; அவர் அவர்களுடையவர் அல்லர். சபையும் அவரை எளிதாகத் திரும்பப் பெற முடியாது, கொன்றது அதுதான். நடுவில் நிற்கும் இந்த மனிதரை மறந்துவிட்டு இந்தக் கேள்வியைப் பேசுவது நேர்மையாக இருக்காது.

*

எவையெல்லாம் கலக்கும்? அநேகமாகக் கையில் தொடக்கூடிய எல்லாமே. பண்டிகை கலக்கும், தீ கலக்கும், நீர் கலக்கும். 601இல் போப் கிரிகோரி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த மெலிடஸுக்கு எழுதிய கடிதத்தில், அங்குள்ள கோயில்களை இடிக்க வேண்டாம், விக்கிரகங்களை மட்டும் அழித்துத் தீர்த்தம் தெளித்து அவற்றையே பயன்படுத்தலாம் என்றார். அயர்லாந்தின் கில்டேரில் புனித பிரிஜித்தின் அணையாத தீயைப் பத்தொன்பது கன்னியர் முறை வைத்துக் காத்தார்கள் என்றும், இருபதாம் இரவு அது பிரிஜித்தின் பொறுப்புக்கே விடப்பட்டது என்றும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் எழுதி வைத்திருக்கிறார். பிரிஜித் என்ற பேரில் ஒரு தேவியும் உண்டு. இருவரையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடிந்ததில்லை. 1993இல் அந்த ஊர்க் கன்னியாஸ்திரீகள் தீயை மறுபடி ஏற்றினார்கள். பிப்ரவரி முதல் தேதி விக்காவுக்கும் அவளுடைய நாள்தான்.

மறுபக்கத்திலும் இதேதான். விக்கா சடங்கில் உப்பையும் நீரையும் மந்திரித்துக் கலப்பது கத்தோலிக்கத் தீர்த்தச் சடங்கை நினைவூட்டினால் ஆச்சரியமில்லை. கார்ட்னர் எடுத்தாண்ட மந்திரச் சுவடிகளை எழுதியவர்களும் கிறிஸ்தவ உலகில் வாழ்ந்தவர்கள்தான். சாமான்களைப் பொறுத்தவரை இந்தக் கலப்புக்கு நம் அனுமதி தேவையில்லை. அது ஏற்கெனவே நடந்து முடிந்த விஷயம்.

இதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கலப்பை வேண்டி வருகிறவர்களில் பலர் பெண்கள். இங்கிலாந்துத் திருச்சபை முதல் பெண் குருக்களை அபிஷேகம் செய்தது 1994இல். விக்காவின் வட்டத்திலோ 1950களிலிருந்தே பெண்தான் நடுவில் நின்றாள்; தேவி இறங்குவது அவள் மேல். நாற்பது வருஷ இடைவெளி. கிறிஸ்துவை விட மனசில்லாமலும் பீடத்தின் அருகே போக அனுமதி இல்லாமலும் இருந்த ஒருத்தி அந்த இடைவெளியில் என்ன செய்திருக்க வேண்டும்? பொறுமை என்று பதில் சொல்வது பாதிரியார்களுக்குச் சுலபம். அவள் கலந்தாள் என்றால் அதைக் குழப்பம் என்று நான் சொல்ல மாட்டேன். தனக்கு உரியதைக் கிடைத்த இடத்தில் எடுத்துக்கொண்டாள் என்பேன்.

*

கலக்காதது எது என்று பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஆழத்தில் அவை ஒன்றுதான்.

முதலாவது, சித்தம். மந்திரம் சித்தத்தின் தொழில். நினைத்ததை நினைத்தபடி நடத்துவது. கார்ட்னர் 1947இல் போய்ச் சந்தித்த அலிஸ்டர் க்ரௌலி இதையே தன் இலக்கணமாக வகுத்தவர். யாருக்கும் தீங்கில்லாமல் செய் என்ற விக்காவின் நெறி இந்தச் சித்தத்துக்குக் கட்டிய வேலி. கிறிஸ்தவப் பிரார்த்தனையின் உச்சமோ கெத்செமனே தோட்டத்தில் இருக்கிறது: பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டுவிட்டு, தன் சித்தத்தை விட்டுக்கொடுப்பது.

உடனே மறுப்பு வரும். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பையனுக்கு வேலை கேட்பது மந்திரம் இல்லாமல் வேறென்ன? நிலா வெளிச்சத்தில் தேவி முன் தன்னை மறந்து நிற்பது சரணாகதி இல்லாமல் வேறென்ன? மறுப்பு நியாயமானது. கோடு இரண்டு மதங்களுக்கு நடுவே ஓடவில்லை; ஒவ்வொரு மனுஷனுக்குள்ளும் ஓடுகிறது. கோடு இருக்கிறது என்பது மட்டும் இதனால் பொய்யாகிவிடாது. அத்துடன் இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. கடவுளின் சித்தத்துக்குப் பணி என்று பெண்களிடம் நூற்றாண்டுகளாகச் சொன்ன ஆண்கள், பெரும்பாலும் தங்கள் சித்தத்துக்குப் பணியச் சொன்னார்கள். அந்தப் போலியை உதறத்தான் ஒருத்தி மந்திரக்கோலைக் கையில் எடுக்கிறாள்.

இரண்டாவது, வட்டம். விக்காவின் வருஷம் எட்டுப் பண்டிகைகள் கொண்ட சக்கரம். தேவன் பிறக்கிறான், வளர்கிறான், அறுவடையில் சாகிறான், மறுபடி பிறக்கிறான். 1890இல் வெளிவந்த ஃப்ரேசரின் 'பொற்கிளை' இந்தச் சாகும் தெய்வத்தை ஒரு தலைமுறைக்கே அறிமுகப்படுத்தியது. எலியட்டின் பாழ்நிலமும் அதில் முளைத்ததுதான். கிறிஸ்துவும் இப்படிச் செத்துப் பிழைக்கும் கதிர்த் தெய்வங்களில் ஒருவர்தானே, சக்கரத்தில் அவரையும் வைத்துவிடலாமே என்பது இணைப்பாளர்களின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு. சஸ்பென்ஸ் கணக்கு என்று நான் சொன்னது இங்கேதான் இருக்கிறது.

கதிர் அறுக்கப்படுகிறது. அதை யாரும் கொலை செய்வதில்லை. அறுவடையில் குற்றவாளி கிடையாது. விசுவாசப் பிரமாணமோ ஒரு அதிகாரியின் பெயரைச் சொல்கிறது: பொந்தியு பிலாத்து. ரோம ராஜ்யத்தின் ஒரு மாகாணத்தில், விசாரணை என்ற பேரில், கூட்டத்துக்குப் பயந்து, கையைக் கழுவிவிட்டு ஒருவன் இன்னொருவனைக் கொல்லக் கொடுத்தான். சிலுவை ஒரு நிர்வாக நடவடிக்கை. அதற்குத் தேதி உண்டு, உத்தரவு உண்டு, மேலே மாட்டிய பலகைகூட உண்டு. அதைச் சக்கரத்தில் ஏற்றினால் சாவு அழகாகிவிடும், துக்கம் பருவமாகிவிடும், பிலாத்து தப்பித்துக்கொள்வான். பிலாத்து தப்பினால் காட்டன் மேதரும் தப்புவார். சேலத்தில் கயிற்றில் தொங்கியவர்களும் வருஷா வருஷம் உதிரும் இலைகள் ஆவார்கள். தங்கள் மூதாதையர் என்று கருதுபவர்களுக்கு விக்கா இதைச் செய்ய விரும்பாது என்றே நினைக்கிறேன்.

சித்தமும் சக்கரமும் சந்திக்கும் இடம் இது. மாற்றக்கூடிய துன்பத்தை மந்திரம் மாற்றப் பார்க்கிறது. மாற்ற முடியாததைச் சக்கரம் இயற்கை என்று தேற்றுகிறது. இவ்விரண்டிலும் சேராத துன்பம் ஒன்று உண்டு. ஒரு மனிதன் இன்னொருவனுக்கு இழைத்த, இனித் திருப்பிப் பெற முடியாத அநியாயம். சிலுவை அதன் பேர். அதன் முன் செய்யக்கூடிய காரியம் விலகாமல் பார்ப்பது ஒன்றே.

*

இரண்டையும் கலந்து வாழ்ந்த ஒருவரை உதாரணத்துக்குப் பார்க்கலாம். சார்லஸ் வில்லியம்ஸ் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தில் உத்தியோகம் பார்த்தவர், கவி, நாவலாசிரியர், எலியட் மதித்தவர், ஆங்கிலிக்கன் விசுவாசத்தில் கடைசி வரை இருந்தவர். 1917 முதல் பத்து வருஷங்களுக்கு மேல் ஏ. ஈ. வெயிட்டின் ரகசியச் சபையில் அங்கி அணிந்து சடங்கு செய்தவரும் அவரே. 1941இல் சூனியத்தின் சரித்திரத்தையும் எழுதினார். அவர் காலத்தில் விக்கா பிறக்கவில்லை. ஆனால் அதற்கு ஊற்றான சடங்கு வித்தை அவர் கையில் இருந்தது.

அவருடைய பெரிய கருத்து, ஒருவர் பாரத்தை மற்றவர் சுமப்பது. அதை உவமையாக அல்ல, நிஜமாகவே செய்ய முடியும் என்று நம்பினார். உயர்ந்த கருத்து. க்ரெவல் லிண்டாப் 2015இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. தன்னைக் குருவாகக் கொண்டு வந்த இளம் பெண்களுக்கு வேலைகளும் சிறு தண்டனைகளும் விதித்து, அதில் கிளர்ந்த சக்தியைத் தன் கவிதைக்குத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண்களில் சிலர் நெடுங்காலம் அதன் காயத்தோடு இருந்தார்கள். இவர் கலந்தார், கலப்பு நன்றாகவே ஒட்டியது. சுமப்பது என்ற கிறிஸ்தவச் சொல்லின் உறைக்குள் மந்திரவாதியின் சித்தம் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. தண்டனைக்கு உட்பட்டவர் பக்கம் ஆடிட்டர் அன்று வரவில்லை. எழுபது வருஷம் கழித்து வந்தார். கலப்பின் ஆபத்து வேற்றுத் தெய்வத்தில் இல்லை. உயர்ந்த சொல் ஒன்று மூடிக்கொடுக்கும்போது தன் சித்தம் தன் கண்ணுக்கே தெரியாமல் போவதில்தான் இருக்கிறது.

கலக்காதவர் ஒருவரும் உண்டு. சிமோன் வெய்ல் கிறிஸ்துவை நேசித்தார். கிரேக்கத்தையும் எகிப்தையும் கீதையையும் விட்டுக்கொடுக்க மறுத்தார். கீதையை மூலத்தில் படிப்பதற்காகச் சமஸ்கிருதம் கற்றார். 1942இல் டொமினிக்கன் பாதிரியார் ஒருவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், சபை தன்னை ஏற்குமா என்று தெரியாத தன் கருத்துகளை எண்ணிட்டு ஒவ்வொன்றாக வைத்தார். இணைத்துக்கொண்டு உள்ளே போகவும் இல்லை, துறந்துவிட்டு வெளியே போகவும் இல்லை. வாசற்படியில் நின்றார். அவருக்கு ஜபம் என்பது கவனம். பிறர் துன்பத்தை விலகாமல் பார்ப்பது. பொருந்தாத தொகையைப் பொருந்தவில்லை என்றே பேரேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தவர் அவர். அது சுகமான இடமல்ல. எல்லோரும் அங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை.

ஆகவே, முடியுமா என்று கேட்கிறவரிடம் முடியாது என்று நான் சொல்லப்போவதில்லை. தீயை ஏற்றலாம், பிரிஜித்தைக் கன்னியாஸ்திரீயாகவும் தேவியாகவும் கூப்பிடலாம், நிலவுக்கும் நற்கருணைக்கும் போகலாம். இவற்றால் எந்தக் கடவுளும் குறைந்துபோவதில்லை. ஆனால் வட்டத்தைப் போட்டு முடித்தபின் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: கொல்லப்பட்டவனுக்கு அதில் இடம் இருக்கிறதா, கதிராக மாறாமல், கொல்லப்பட்டவனாகவே? எந்தோர்ப் பெண்ணுக்கு சாமுவேலின் தீர்ப்பை மாற்றும் மந்திரம் தெரிந்திருக்கவில்லை. சாவும் பருவம்தான் என்று அவள் ராஜாவைத் தேற்றவும் இல்லை. நாளை சாகப்போகிறவனுக்கு மாவு பிசைந்தாள். அவள் எந்த மதம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.